எண்ணூர் 2017: வாளிக்கு முந்தைய மணி நேரங்கள்

வடசென்னைக் கடற்கரையில் இளைஞர்கள் வரிசையாக நின்று கப்பல் மோதலில் கசிந்த எண்ணெயின் கருப்புக் குழம்பை வாளி வாளியாக அள்ளிக் கைமாற்றிய படத்தை 2017 பிப்ரவரியில் நாடே பார்த்தது. செவ்வாய்க்குச் செயற்கைக்கோள் அனுப்பிய நாட்டில் எண்ணெயை வாளியால் அள்ளுகிறார்களே என்ற கேலி எங்கும் ஒலித்தது. கடல் மாசுத் தடுப்புக் கருவிகளோடு பழகியவர்களுக்கு அந்தக் கேலி பாதி நியாயம்தான். கனமான எண்ணெய் கரை ஏறிவிட்டால் உலகெங்கும் கடைசியில் மனிதக் கைகளே இறங்குகின்றன. கேட்க வேண்டிய கேள்வி வேறு: எண்ணெய் கரை ஏறும் வரை என்ன நடந்தது, அள்ளிய கைகளில் என்ன உறை இருந்தது?

பின்னணி

எண்ணூரில் உள்ள காமராஜர் துறைமுகம் நிலக்கரி, எரிவாயு, பெட்ரோலியப் பொருள்கள் ஆகியவற்றைக் கையாளும் இடம். 2017 ஜனவரி 28, சனிக்கிழமை விடியற்காலை நாலு மணி அளவில், துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதிக்கொண்டன. எரிவாயுவை இறக்கிவிட்டு வெளியே வந்துகொண்டிருந்தது பிடபிள்யூ மேப்பிள். ஏறத்தாழ 32,800 டன் பெட்ரோலியப் பொருள்களோடு உள்ளே வந்துகொண்டிருந்தது டான் காஞ்சிபுரம். உயிர்ச்சேதம் இல்லை, தீயும் பற்றவில்லை. எரிவாயுக் கப்பலும் எண்ணெய்க் கப்பலும் மோதிய இடத்தில் இந்த இரண்டும் நேராமல் போனது பெரிய காரியம். பின்னால் எழுந்த சத்தத்தில் அது மறந்தே போயிற்று.

சரக்கு எண்ணெயும் பெரும்பாலும் தப்பியது. இக்காலத்து எண்ணெய்க் கப்பல்களுக்கு இரட்டை மேலோடு உண்டு. வெளித்தகடு கிழிந்தாலும் உள்தகடு சரக்குத் தொட்டியைக் காக்கும். கடலில் கலந்தது டான் காஞ்சிபுரம் தன் சொந்த இயந்திரத்துக்காக வைத்திருந்த கன எரிஎண்ணெய். பங்கர் என்பார்கள். சுத்திகரிப்பில் பெட்ரோலும் டீசலும் பிரித்தெடுத்த பிறகு அடியில் தங்கும் கசடு வகை அது. இந்த ஒரு வேறுபாடுதான் பிறகு நடந்த எல்லாவற்றையும் தீர்மானித்தது.

முதல் நாள்

துறைமுகத்தின் முதல் அறிக்கை, எண்ணெய் மாசு போன்ற சுற்றுச்சூழல் பாதிப்பு எதுவும் இல்லை என்றது. அப்படிச் சொல்ல என்ன தோன்றியிருக்கும் என்று ஊகிக்க முடிகிறது. மோதல் நடந்தது இருட்டில். எல்லோருடைய கவலையும் ஆயிரக்கணக்கான டன் சரக்கின் மீது. சரக்குத் தொட்டி தப்பியது என்ற செய்தி வந்ததும் மூச்சு விட்டிருப்பார்கள். ‘சரக்கு கசியவில்லை’ என்பதும் ‘எண்ணெய் கசியவில்லை’ என்பதும் அந்த நிம்மதியில் ஒன்றாகிப் போயிருக்கலாம். ஆனால் மோதலில் தகடு கிழிந்த கப்பலில் பங்கர் தொட்டிகளின் மட்டத்தை அளந்து, மோதலுக்கு முந்தைய கணக்கோடு ஒப்பிடுவது சில மணி நேர வேலை. அந்த எண் கைக்கு வரும் வரை ‘கசிவு இல்லை’ என்ற சொல்லை யாரும் எழுதக் கூடாது.

அறிக்கை தவறானது என்பதைவிட அது செய்த வேலைதான் பாடம். கசிவே இல்லை என்றால் எண்ணெய் பரவாமல் மறிக்கும் மிதவைத் தடுப்பை யார் இறக்குவார்கள்? 1996-இல் நடைமுறைக்கு வந்த தேசிய எண்ணெய்க் கசிவுப் பேரிடர்த் திட்டத்தின்படி 700 டன் வரையிலான கசிவு முதல் நிலை. துறைமுக எல்லைக்குள் அதைச் சமாளிக்கும் கருவிகளும் ஆட்களும் துறைமுகத்திடமே இருக்க வேண்டும். திறந்த கடலுக்கு இந்தியக் கடலோரக் காவல் படை பொறுப்பு. கரைக்கு மாநில அரசு. தாளில் தெளிவாகத்தான் இருக்கிறது. ஆனால் எண்ணெய்க்கு எல்லை தெரியாது; ஒரே நாளில் மூன்று பேரின் வட்டாரத்தையும் அது கடந்துவிட்டது.

கரையில் கண்டது

ஜனவரியில் சென்னைக் கடலில் வாடைக்காற்று இன்னும் ஓயாத காலம். எண்ணெய் தெற்கே நகர்ந்து, அடுத்த நாளுக்குள் எர்ணாவூர்ப் பக்கம் கரை தட்டியது. பிறகு திருவொற்றியூர், காசிமேடு, மெரினா, பெசன்ட் நகர், அதற்கும் தெற்கே கிழக்குக் கடற்கரைச் சாலையோரக் கடற்கரைகள் வரை திட்டுத் திட்டாக ஒதுங்கியது. கடலில் எண்ணெய் இருப்பதை உரக்கச் சொன்னவர்கள் மீனவர்கள்.

இத்தனை நீளமான கரையில் எர்ணாவூர் ஓரத்தில் மட்டும் ஏன் அவ்வளவு திரண்டது? அதற்குக் காரணம் நூறாண்டுகளுக்கும் பழையது. சென்னைத் துறைமுகம் கட்டப்பட்ட பின் தெற்கே மணல் சேர்ந்து மெரினா அகன்றது, வடக்கே கடல் கரையைத் தின்றது. அரிப்பைத் தடுக்க வடசென்னையில் கல் கொட்டிச் சுவர் எழுப்பினார்கள். கடலுக்குள் நீளும் கல் தடுப்புகளையும் கட்டினார்கள். இரு தடுப்புகளுக்கு நடுவே உள்ள மூலையில் மிதந்து வருவதெல்லாம் ஒதுங்கும். சாதாரண நாளில் பிளாஸ்டிக்கும் ஆகாயத்தாமரையும் ஒதுங்கும் மூலை அது. அன்று எண்ணெய் ஒதுங்கியது. மணற்கரையில் விழும் எண்ணெயைச் சுரண்டி எடுக்கலாம். ஆளுயரப் பாறைகளின் இடுக்கில் புகுந்ததை என்ன செய்வது? ஒவ்வோர் அலையும் கொஞ்சம் வெளியே தள்ளும், கொஞ்சம் உள்ளே இழுக்கும். துடைத்த கல் மறுநாள் மீண்டும் கருத்திருக்கும்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அது பங்குனி ஆமைகள் முட்டையிட வரும் பருவம். அந்த நாட்களில் இறந்த ஆமைகளும் கரை ஒதுங்கின. இழுவலையில் சிக்கி ஆமைகள் இறப்பதும் இதே பருவத்தில்தான் என்பதால், ஒவ்வொரு சாவுக்கும் எண்ணெயே காரணம் என்று சொல்வது நேர்மையாகாது.

இயந்திரங்கள் ஏன் திணறின

முதலில் எடுத்த முடிவு உறிஞ்சி எடுப்பது. குடிநீர் வாரியம் கழிவுநீர்க் குழாய் அடைப்பு நீக்கப் பயன்படுத்தும் சூப்பர் சக்கர் வண்டிகள் எர்ணாவூருக்கு வந்தன. நகரத்தில் உடனே கிடைக்கக்கூடிய பெரிய உறிஞ்சும் வண்டி அதுதான். அந்த முடிவைக் குறை சொல்ல முடியாது. ஆனால் குழாயை விட்டால் தண்ணீர் வந்தது, எண்ணெய் வரவில்லை. வந்த இடத்திலும் குழாய் அடைத்துக்கொண்டது.

இதில் வியப்பதற்கு எதுவும் இல்லை. கன எரிஎண்ணெயைக் கப்பலுக்குள்ளேயே சூடாக்கித்தான் பம்ப் செய்கிறார்கள். பரவலாகப் புழங்கும் ஒரு தரத்தை 380 என்ற எண்ணால் அழைக்கிறார்கள். 50 பாகை செல்சியஸ் வெப்பத்தில் அதன் பிசுபிசுப்பு 380 சென்டிஸ்டோக் வரை இருக்கலாம் என்பது அதன் பொருள். தண்ணீருக்கு அந்த எண் ஒன்றுக்கும் குறைவு. கடல் நீரின் வெப்பத்துக்கு இறங்கியதும் அந்த எண்ணெயின் பிசுபிசுப்பு பல மடங்கு ஏறும். அதற்குமேல் அலை அதைக் கடையத் தொடங்கும். மோர் கடையும்போது வெண்ணெய் திரளுவதுபோல, எண்ணெய் தண்ணீரைத் தனக்குள் வாங்கிக்கொண்டு குழம்பாகும். அந்தக் குழம்பில் பாதிக்கு மேல், சில சமயம் முக்கால் பங்கு தண்ணீராகவே இருக்கும். ஒரு டன் எண்ணெய் மூன்று நான்கு டன் கசடாகிவிடும். பிசுபிசுப்போ எண்ணெயின் கணக்கிலேயே நிற்காது. தார்க் களிம்பின் கணக்குக்குப் போய்விடும். கூடவே பிளாஸ்டிக், கயிறு, துணி, கடற்பாசி.

கழிவுநீருக்காகச் செய்த வண்டி இதில் தோற்றது வண்டியின் குற்றமல்ல. நீரின் மேல் மிதக்கும் எண்ணெயை எடுக்கவென்றே செய்த ஸ்கிம்மர் என்ற கருவிகள் எல்லாமும்கூட இதில் வெல்லாது. விளிம்புக்கு மேல் வழிந்து விழும் எண்ணெயைப் பிடிக்கும் வகை, டீசல் போன்ற மெல்லிய எண்ணெய்க்கு நல்லது. குழம்பு அதில் வழியவே வழியாது. இங்கே வேண்டியது தூரிகைப் பட்டையால் வாரி மேலே இழுக்கும் வகை. அதன் பின்னால் திருகு வடிவப் பம்ப், அதன் வாயில் வெந்நீரோ நீராவியோ செலுத்தும் வளையம். ‘எங்களிடம் ஸ்கிம்மர் இருக்கிறது’ என்ற ஒரு வரியோடு எந்த நிறுவனத்தின் கருவிப் பட்டியலும் முடியக் கூடாது. எந்தப் பிசுபிசுப்பு வரை இழுக்கும் என்பது அடுத்த வரியாக வேண்டும்.

மிதவைத் தடுப்பையும் பலர் மந்திரக்கோல் போல நினைக்கிறார்கள். பூம் என்று தொழிலில் சொல்லும் அது, நீர்மட்டத்துக்கு மேலே ஒரு மிதவைச் சுவரும் கீழே தொங்கும் பாவாடையும் கொண்ட நீண்ட தடுப்பு. நீரோட்டம் அதன் மீது நேராக நொடிக்கு ஏறத்தாழ 35 சென்டிமீட்டர் வேகத்தைத் தாண்டினால் எண்ணெய் பாவாடைக்கு அடியில் நழுவிவிடும். நொடிக்கு ஒரு முழம்கூட இல்லை. வேகம் அதிகமானால் சாய்வாக விரித்து எண்ணெயை ஒரு மூலைக்குத் திருப்பலாமே தவிர நிறுத்த முடியாது. அலை உடையும் திறந்த கரையில் அது கயிறு அறுந்த படகு மாதிரிதான் ஆடும். எனவே எர்ணாவூரில் பூம் கட்டவில்லையே என்று கேட்பது தவறான கேள்வி. கப்பல் நங்கூரமிட்ட இடத்தில், கடல் அனுமதித்த அளவுக்கு, முதல் சில மணி நேரத்தில் அதைச் சுற்றி வளைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்க வேண்டும். முழுவதும் நின்றிருக்கும் என்று நான் சொல்ல மாட்டேன். ஜனவரிக் கடல் அவ்வளவு சாது அல்ல. ஆனால் குழம்பாவதற்கு முன், எண்ணெய் எண்ணெயாக இருந்தபோது பிடிக்கக் கிடைத்த ஒரே வாய்ப்பு அதுதான்.

எண்ணெயைச் சிதறடிக்கும் ரசாயனமும் இந்த நிலையில் உதவாது. கெட்டிப்பட்ட குழம்பின் மேல் அது ஒட்டாமல் வழிந்துவிடும். ஆழம் குறைந்த கரையோரத்தில் தெளித்தால் சிதறிய எண்ணெய் மீன்குஞ்சு வளரும் நீரிலேயே தங்கும்.

கைகளும் வாளிகளும்

இயந்திரம் திணறியதும் கையால் அள்ள முடிவாயிற்று. கடலோரக் காவல் படை ஒருங்கிணைக்க, மீனவர்கள், மாநகராட்சி, தீயணைப்புத் துறை, கல்லூரி மாணவர்கள், கப்பல் பயிற்சி நிறுவன மாணவர்கள் என ஆயிரக்கணக்கானோர் இறங்கினார்கள். மெரினாவில் ஜல்லிக்கட்டுப் போராட்டம் முடிந்து ஏறத்தாழ ஒரு வாரமே ஆகியிருந்த நேரம் அது. ஒரு செய்தியைக் கைப்பேசியில் தட்டிவிட்டால் நூறு பேர் வந்து நிற்கும் பழக்கம் ஊருக்கு வந்திருந்தது.

அள்ளியது சரி. 2002-இல் ஸ்பெயினின் கலிசியக் கரையருகே பிரெஸ்டீஜ் கப்பல் மூழ்கியபோது அங்குள்ள மீனவர்களும் தங்கள் படகுகளில் போய்க் கையால்தான் வாரினார்கள். 2007 டிசம்பரில் தென்கொரியாவின் தேயான் கரையில் ஹெபெய் ஸ்பிரிட் கப்பலின் எண்ணெயைத் துடைக்கப் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட தன்னார்வலர்கள் வந்தார்கள். கருவிகளுக்குப் பஞ்சமில்லாத நாடுகள் அவை.

வேறுபாடு உடுப்பில் தெரிகிறது. தேயான் படங்களில் பெரும்பாலோர் முழு உடல் அங்கியும் முழங்கால் வரை பூட்சும் அணிந்திருப்பார்கள். எர்ணாவூரில் முதல் நாட்களில் பலர் அரைக்கால் சட்டையோடும், வெறுங்காலோடும், சிலர் வெறுங்கையோடும் நின்றார்கள். முகத்தில் கட்டியிருந்தது கைக்குட்டை அல்லது மருத்துவமனை முகக்கவசம். அது தூசைத் தடுக்கும், எண்ணெய் ஆவியைத் தடுக்காது. ஆவிக்குக் கரி வடிகட்டி பொருத்திய முகமூடி வேண்டும். அறுவைச் சிகிச்சைக்கான மெல்லிய ரப்பர் உறை எண்ணெயில் ஊறிக் கிழியும். நைட்ரைல் உறைதான் தாங்கும், அதையும் நனைந்ததும் மாற்ற வேண்டும். கன எரிஎண்ணெயில் புற்றுநோயோடு தொடர்புடைய பல வளைய ஹைட்ரோகார்பன்கள் உண்டு. ஒரு நாள் பட்டதற்குப் பயப்படத் தேவையில்லை. பல நாள் ஊறுவது வேறு. பல நாள் நின்றவர்கள் அந்தக் கரையிலேயே வாழ்பவர்கள்.

மாணவர் வரிசையை ஒழுங்காக நிறுத்தியவர்கள் பாராட்டுக்குரியவர்கள். ஆனால் அழுக்கான பகுதி, கழற்றிக் கழுவும் பகுதி, சுத்தமான பகுதி என்று மூன்றாகக் கரையைப் பிரிப்பது அந்த வரிசையைவிட முக்கியம். அது இல்லாதபோது எண்ணெய் படிந்த கையாலேயே சாப்பாட்டுப் பொட்டலம் பிரிபடும். ஒட்டிய தாரை மண்ணெண்ணெய் ஊற்றித் தேய்க்கும் பழக்கமும் நம்மிடம் உண்டு. தோலின் இயல்பான எண்ணெய்ப் பசையை அது உரித்துவிடும். தேங்காய் எண்ணெய் தடவித் துணியால் துடைத்துப் பிறகு சோப்புப் போடுவதே நல்லது.

அள்ளியது எங்கே போனது

கசிந்தது 20 டன் அளவு என்று தொடக்கத்தில் சொல்லப்பட்டது. சில நாட்களிலேயே அள்ளிய கசடின் எடை அதைத் தாண்டியது. பொய் சொன்னார்கள் என்று ஒரு பக்கம் குரல் எழுந்தது. கசடில் தண்ணீரும் மணலும் இருக்கிறது என்று மறுபக்கம் பதில் வந்தது. இரண்டிலும் உண்மை உண்டு. பின்னர் வந்த மதிப்பீடுகள் முதல் எண்ணைவிடப் பல மடங்கு பெரியவை. அதே சமயம் அள்ளிய டன்னை வைத்துக் கசிந்த டன்னைச் சொல்ல முடியாது. கப்பலின் தொட்டிக் கணக்கு ஒன்றே நம்பத்தக்க தொடக்கம். அதை முதல் நாளே வெளியிட்டிருந்தால் இந்தச் சண்டைக்கே இடமில்லை.

கசடு துறைமுக வளாகத்துக்குக் கொண்டுபோகப்பட்டது. அங்கே எண்ணெய் உண்ணும் நுண்ணுயிர்க் கலவையைக் கொண்டு மண்ணோடு சேர்த்துச் சிதைக்கும் முறை கையாளப்பட்டது. எரிப்பதைவிட இது மெதுவானது, ஆனால் புகை இல்லை; இவ்வளவு தண்ணீரும் மணலும் கலந்ததை எரிப்பதும் எளிதல்ல. என் கணிப்பில் இந்த நிகழ்வில் எடுத்த முடிவுகளிலேயே நன்கு யோசித்து எடுத்தது இதுதான்.

காசிமேட்டில் மீன் விற்பனை படுத்தது. ஆழ்கடலில் பிடித்து வந்த மீனையும் வாங்க ஆளில்லை. ‘எண்ணெய் மீன்’ என்ற ஒரு சொல் போதுமானதாக இருந்தது. எண்ணெய் படாத வலைக்காரரும் நட்டப்பட்டார். பிப்ரவரி 5-ஆம் தேதி மாநில முதல்வர் பதவி விலகியதும் நாளிதழ்களின் முதல் பக்கம் வேறு திசைக்குத் திரும்பிற்று. கல்லிடுக்கில் மிஞ்சிய எண்ணெயைச் சுரண்டும் வேலை கேமராக்கள் போன பிறகுதான் நடந்தது.

மாற்ற வேண்டியவை

மோதல் நடந்தால் பங்கர் தொட்டிகளை அளக்கும் வரை கசிவு நடந்ததாகவே கொள்ள வேண்டும். கருவியை இறக்கிவிட்டுத் தேவையில்லை என்று திரும்ப எடுப்பதில் நட்டம் ஒரு நாள் கூலியும் டீசலும். இறக்காமல் இருந்தால் என்ன நட்டம் என்பதை எர்ணாவூர் காட்டியது. இந்தத் தயக்கத்தின் வேர் பணத்தில் இருக்கிறது என்பது என் ஐயம். கசிவு என்று அறிவித்தவரே செலவுக்கும் பதில் சொல்ல வேண்டிவருமோ என்ற பயம். உண்மையில் சரக்கு ஏற்றிய எண்ணெய்க் கப்பலிலிருந்து பங்கர் எண்ணெய் கசிந்தாலும், எண்ணெய் மாசுக்கான 1992 சர்வதேசப் பொறுப்பு உடன்படிக்கையின்படி ஈடு தரவேண்டியவர் அந்தக் கப்பலின் உரிமையாளர்தான். நியாயமான தடுப்புச் செலவும் அந்த ஈட்டில் அடங்கும். இதைத் துறைமுக அதிகாரிகள் சட்டப் பிரிவைக் கேட்டு அறிய வேண்டிய நிலை இருக்கக் கூடாது.

கருவிக் கிடங்கில் கன எண்ணெய்க்கான தூரிகை ஸ்கிம்மரும் திருகுப் பம்பும் இருக்க வேண்டும், அவற்றை ஓட்டுபவர் இரவுப் பணியிலும் இருக்க வேண்டும். ஒத்திகை பெரும்பாலும் வெயில் நேரத்தில், அமைதியான நீரில், விருந்தினர் முன் நடக்கிறது. விபத்து விடியற்காலை நாலு மணிக்கு நடந்தது.

ஒவ்வொரு மீனவக் கிராமத்துக்கும் பக்கத்தில் பூட்டிய அறை ஒன்றில் நூறு பேருக்கான நைட்ரைல் உறை, பூட்ஸ், அங்கி, நீண்ட பிடி கொண்ட மண்வாரி, மூடியுள்ள பீப்பாய் வைத்திருக்கலாம். ஒரு ஸ்கிம்மரின் விலையோடு ஒப்பிட்டால் அது சொற்பம். அள்ளப்போவது அவர்கள்தான் என்பது தெரிந்த பிறகும் அதை வைக்காமலிருக்க ஒரு காரணமும் எனக்குப் புலப்படவில்லை. எந்தக் கல் மூலையில் எது ஒதுங்கும் என்பதும் அவர்களுக்குத்தான் தெரியும். அந்த அறிவை வரைபடத்தில் ஏற்ற ஒரு வாரம் போதும்.

ஏறத்தாழ ஏழாண்டு கழித்து

2023 டிசம்பர் 4 அன்று மிக்ஜாம் புயல் மழையில் மணலி, எண்ணூர்ப் பகுதி மூழ்கியது. இம்முறை எண்ணெய் நிலத்திலிருந்து வந்தது. தொழிற்பகுதியிலிருந்து பக்கிங்ஹாம் கால்வாய் வழியே வெள்ளத்தோடு இறங்கிக் கொசஸ்தலையாற்று முகத்துவாரத்தில் பரவியது. அலையாத்திச் செடிகளின் வேர் கருத்தது, கூழைக்கடாக்களின் இறகு கருத்தது, வலையும் படகும் கருத்தன. அங்கே உடையும் அலை இல்லை. வெள்ளம் வடிந்த கழிமுகம் மிதவைத் தடுப்புக்கு ஏற்ற இடம். கால்வாய் வாயில் சாய்வாக ஒரு வரிசை கட்டினால் எண்ணெயை ஒரு கரைக்குத் திருப்பி எடுக்கலாம்.

தடுப்புகளும் உறிஞ்சும் வண்டிகளும் ஸ்கிம்மர்களும் பிறகு வந்து சேர்ந்தன. பசுமைத் தீர்ப்பாயம் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது. அதற்கிடையே காட்டுக்குப்பத்தையும் பக்கத்துக் குப்பங்களையும் சேர்ந்தவர்கள் தங்கள் பைபர் படகுகளில் பிளாஸ்டிக் பீப்பாய்களை ஏற்றிக்கொண்டு போய்க் குவளையால் எண்ணெயை மொண்டார்கள். சிலரது கையில் உறை இருந்தது. பலரது கையில் இல்லை.